எங்கள் பில் பணத்தைக் கொடுத்தவர்களுக்கே ஊக்கத்தொகை கொடுங்கள்

ஒன்றிய நிதி அமைச்சர் அவர்களுக்கும், ஒன்றிய வணிகம் மற்றும் தொழில்துறை அமைச்சர் அவர்களுக்கும்,

நான் கோயமுத்தூர் சின்னவேடம்பட்டியில் என் வீட்டுக்காரரோடு சேர்ந்து ஒரு பட்டறை நடத்துகிறேன். கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின் (சி.என்.சி. லேத்) மூன்று, அதே மாதிரி வெட்டித் துளை போடும் மெஷின் (வி.எம்.சி.) ஒன்று, மாமனார் காலத்து ரேடியல் டிரில் ஒன்று, எங்களோடு சேர்த்து ஒன்பது பேர். மெஷின் பக்கம் அவர் பார்த்துக்கொள்கிறார். பில் போடுவது, சரக்கோடு போகும் டி.சி. சீட்டு எழுதுவது, ஜிஎஸ்டி கட்டுவது, சனிக்கிழமை சம்பளம் கொடுப்பது, வரவேண்டிய பணத்துக்குப் போன் பண்ணுவது எல்லாம் நான்.

போன மாதம் ஒரு கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பதினோரு வருடமாக அவர்களுக்கு ஜாப் ஒர்க் செய்கிறோம். வார்ப்பை அவர்களே அனுப்புவார்கள். நாங்கள் கடைந்து, துளை போட்டு, அளவு பார்த்துத் திருப்பி அனுப்புவோம். கடிதத்தில் இருந்தது இரண்டே வரி. இனிமேல் பில் போட்ட நாளிலிருந்து 120 நாள் கழித்துத்தான் பணம் வரும். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டு ஒரு வாரத்துக்குள் அனுப்பவும். இதுவரை 60 நாள் என்று எழுதியிருந்தார்கள், வந்தது 90 நாளுக்கு மேல். 120 என்று எழுதினால் எப்போது வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அந்தக் கம்பெனி உங்கள் உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டத்தில் (இங்கேயே செய்து கூடுதலாக விற்பதற்கு அரசு பணம் தரும் பி.எல்.ஐ. திட்டம்) தேர்வான கம்பெனி. அதனால்தான் இந்த மடலை அவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். போடாவிட்டால் அந்த வேலை வேறு பட்டறைக்குப் போய்விடும். எங்கள் வேலையில் பாதிக்கு மேல் அவர்களுடையது. அவர் கையெழுத்துப் போட்ட பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை.

பெரிய கம்பெனிகளுக்கு எதுவும் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் நன்றாக இருந்தால்தான் எங்களுக்கு ஆர்டர். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய பாகங்களை இங்கேயே செய்ய வேண்டும் என்று நீங்கள் நினைப்பதும் சரிதான். நான் கேட்பது வேறு. அரசுப் பணத்தை வாங்குகிற கம்பெனி, தனக்கு வேலை செய்து கொடுத்தவரின் பணத்தைச் சட்டம் சொன்ன நாளுக்குள் கொடுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். இதை ஏன் கேட்கிறேன் என்று புரிய, என் ஒரு மாதக் கணக்கைச் சொல்கிறேன்.

மாதம் சுமாராக 4 லட்சம் ரூபாய்க்குப் பில் போடுகிறோம். 2025 செப்டம்பர் 22 முதல் எங்கள் மாதிரி ஜாப் ஒர்க்குக்கு ஜிஎஸ்டியை 12 சதவீதத்திலிருந்து 18 ஆக்கிவிட்டீர்கள். 2019-இல் இதே கோவைக்காரர்கள் கேட்டுக் கேட்டுத்தான் 18-ஐ 12 ஆக்கினீர்கள். ஆறு வருடத்தில் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. சோப்புக்கும் ஷாம்புக்கும் குறைந்த அதே நாளில் எங்களுக்கு ஏறியது. முன்பு 48,000 கட்டியவர்கள் இப்போது 72,000 கட்ட வேண்டும். இரும்பு எங்களுடையது இல்லை என்பதால் நாங்கள் கழித்துக்கொள்ள உள்ளீட்டு வரி (பொருள் வாங்கும்போதே நாங்கள் கட்டிய ஜிஎஸ்டி) பெரிதாகக் கிடையாது. இன்செர்ட், டிரில் பிட், கூலன்ட் எண்ணெய் வாங்கியதில் வருவது மாதம் 9,000 தாண்டாது. மீதி 63,000 ரொக்கமாகக் கட்ட வேண்டும்.

எப்போது கட்ட வேண்டும்? 11ஆம் தேதிக்குள் பில் விவரத்தை ஏற்ற வேண்டும், 20ஆம் தேதிக்குள் பணம். எங்களை மாதிரிச் சின்னவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்குத் தாக்கல் செய்யலாம் என்று சட்டத்தில் வசதி இருக்கிறது. ஆனால் மாதா மாதம் செய்தால்தான் தங்கள் 2பி-யில் (ஜிஎஸ்டி தளம் மாதா மாதம் காட்டும் வரி வரவுப் பட்டியல்) வரவு வரும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. 11ஆம் தேதி மதியம் வரை ஏற்றவில்லை என்றால் அவர்கள் அக்கவுண்ட்ஸிலிருந்து போன் வந்துவிடும். பணம் கொடுக்க 120 நாள் கேட்கிறவர்கள், வரி வரவுக்கு ஒரு நாள் பொறுக்க மாட்டார்கள்.

நான் இன்னும் கையில் வாங்காத பணத்துக்கு வரியை நான் கட்டுகிறேன். நான் கட்டிய 72,000-ஐ அந்தக் கம்பெனி அடுத்த மாதமே தன் கணக்கில் வரவு வைத்துத் தன் வரியைக் கழித்துக்கொள்கிறது. எனக்குக் கூலியும் வரவில்லை, வரியும் வரவில்லை. 180 நாளுக்குள் எனக்குப் பணம் கொடுத்துவிட்டால் அந்த வரவை அவர்கள் திருப்ப வேண்டியதில்லை என்கிறது ஜிஎஸ்டி சட்டம். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது 2006-ஆம் வருடக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். இரண்டும் உங்கள் சட்டம்தான். கம்பெனி எதைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லவே வேண்டாம்.

120 நாள் என்றால் நான்கு மாதப் பில், 16 லட்சம் வெளியே நிற்கும். அதற்கு மேல் என் கையிலிருந்து கட்டிய வரி 2,52,000. இந்தப் பணத்துக்கு எங்கே போவது? பேங்க் ஓ.டி. கடன் ஏற்கெனவே வரம்பின் விளிம்பில் நிற்கிறது. போன வருடம் மட்டும் 20ஆம் தேதிக்காக மூன்று முறை கூட்டுறவு பேங்கில் நகை வைத்தேன். பெண்ணுக்கென்று எடுத்த ஆரம் அது. அவளுக்குத் தெரிந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள். ஆனாலும் நான் சொல்லவில்லை.

இது எங்களோடு நிற்பதும் இல்லை. எங்கள் சந்தில் ஒரு பெரியவர் இருக்கிறார், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒரே ஒரு ஸ்லாட்டிங் மெஷின். கியர் தண்டில் நழுவாமல் நிற்க அதன் துளையில் போடும் பள்ளம், சாவி வழி என்போம், அதை வெட்டுவதுதான் அவர் வேலை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெட்டிய இடத்தில் கட்டை விரல் நகத்தை விட்டுப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் அளவு பார்க்கும் கேஜ் போடுவார். அவர் நகத்தில் சரி என்று பட்டது கேஜில் தப்பாகப் போய் நான் பார்த்ததில்லை. ஒரு பீஸுக்கு 14 ரூபாய் கொடுக்கிறோம். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பட்டறை வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பணம் என்று வாயைத் திறந்து கேட்க மாட்டார். நானே போய், "இந்த வாரம் கொஞ்சம் பொறுத்துக்கோங்க ஐயா, கம்பெனியிலிருந்து வரலீங்க" என்பேன். "அவசரமில்ல அம்மிணி, இருந்தாப் பாரு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்புவார். கடைசியாக அவருக்கு நாங்கள் பாக்கி வைத்தது 11,400 ரூபாய், ஏழு வாரத்துக்கு. ஊக்கத்தொகை வாங்கும் கம்பெனிக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்துக்கொண்டிருப்பவர்களில் கடைசி ஆள் அவர்தான். அவருக்கு மேலே ஹீட் ட்ரீட்மென்ட்காரர், டூல்ஸ் கடைக்காரர், கிரைண்டிங் போடுகிறவர், நாங்கள்.

"சட்டம் இருக்கிறதே, ஏன் புகார் கொடுக்கவில்லை" என்று நீங்கள் கேட்கலாம். பணம் தாமதமானால் சிறு தொழில்கள் புகார் கொடுக்கும் சமாதான் இணையதளம் 2017-இல் வந்தது எனக்குத் தெரியும். 45 நாள் தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி என்பதும் தெரியும். காகிதத்தில் அதைவிடக் கண்டிப்பான சட்டம் வேண்டியதில்லை. கோவை கணபதிப் பகுதியில் எங்களுக்குத் தெரிந்த ஒருவர் துணிந்து புகார் கொடுத்தார். அவர் பக்கம்தான் தீர்ப்பும் ஆனது. ஆனால் புகார் போட்ட வாரமே அவருக்கு அந்தக் கம்பெனியின் வேலை நின்றது. அவர்களோடு தொழில் செய்த இன்னும் இரண்டு கம்பெனிகள் காரணம் சொல்லாமல் ஆர்டரைக் குறைத்தன. பணம் வந்து சேருவதற்குள் ஒரு மெஷினை விற்றுவிட்டார். ஒரே ஊரில், ஒருவருக்கொருவர் முகம் தெரிந்த தொழிலில், வேலை கொடுக்கிறவர் மேல் புகார் கொடுத்துவிட்டு அவரிடமே வேலைக்குப் போய் நிற்க முடியுமா? புகார் கொடுக்கும் பாரத்தை எங்கள் தலையில் வைத்திருக்கும்வரை அந்தச் சட்டம் எங்களுக்கு உதவாது.

2023-24 கணக்கு வருடத்திலிருந்து பொருந்திய வருமான வரி மாற்றத்தை நான் மெய்யாகவே வரவேற்றேன். 45 நாள் தாண்டி நிலுவை வைத்தால் அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது என்று கொண்டுவந்தீர்கள். 2024 மார்ச் மாதம் எங்களுக்குப் பணம் ஓடி வந்தது. 28ஆம் தேதி ஒரே நாளில் மூன்று பில் பணம் ஏறியதைப் பார்த்து நான் பாஸ்புக்கை இரண்டு முறை பதிய வைத்தேன். ஆனால் அந்த விதி கணக்கு முடியும் மார்ச் 31 அன்று நிலுவை நின்றால்தான் கடிக்கும். மே மாதப் பில்லை டிசம்பரில் கொடுத்தாலும் கம்பெனிக்கு ஒன்றும் ஆகாது. வருடத்தில் ஒரு மாதம் எங்களுக்குத் தீபாவளி; மற்ற பதினொரு மாதமும் பழைய கதைதான். ஆனாலும் அந்த ஒரு மாதத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. அவர்களிடம் பணம் இல்லாமல் இல்லை. அவர்கள் பையில் கை வைக்கிற மாதிரி ஒரு விதி இருந்தால், யாரும் கேட்காமலே கொடுப்பார்கள்.

அப்புறம், உதவி என்று நீங்கள் கொடுப்பதில் எது எங்கள் கைக்கு எட்டியது, எது எட்டவில்லை என்று சொல்ல வேண்டும்.

எங்கள் வி.எம்.சி.யை வாங்கும்போது மெஷின் கடனுக்கு 15 சதவீத மூலதன மானியம் கிடைத்தது. ஒரு கோடி வரையான கடனுக்கு அதிகபட்சம் 15 லட்சம் என்று இருந்த திட்டம். எங்களுக்கு 24 லட்சம் கடனில் 3,60,000 வந்தது. பட்டறைக்காரன் புது மெஷின் வாங்க அதுதான் தைரியம் கொடுத்தது. எங்கள் சந்தில் மட்டும் நான்கு பேர் அதில் மெஷின் எடுத்தோம். எல்லோருக்கும் பொதுவாக இருந்த அந்த மானியத்தை நிறுத்திவிட்டீர்கள். திருப்பூர், சோமனூர், பல்லடம் பக்கம் 1999 முதல் மில்லுக்கும் தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் புது மெஷின் வாங்கக் கைகொடுத்த டஃப்ஸ் திட்டமும் 2022 மார்ச்சோடு முடிந்துவிட்டது.

அதே வருடங்களில்தான் 14 துறைகளுக்கு 1.97 லட்சம் கோடி ரூபாயில் உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகையைக் கொண்டுவந்தீர்கள். ஜவுளிக்கு அதில் 10,683 கோடி. நுழைய வேண்டுமானால் ஒரு வழியில் குறைந்தது 300 கோடி முதலீடு, இன்னொரு வழியில் 100 கோடி. அதுவும் செயற்கை இழைத் துணிக்கும் தொழில்நுட்ப ஜவுளிக்கும் மட்டும். பருத்தியை நம்பியே வளர்ந்த திருப்பூருக்கு வாசலே இல்லாத வீடு அது. பிறகு அந்தத் தொகைகளைப் பாதியாகக் குறைத்தீர்கள். 50 கோடி என்பதும் எங்கள் பக்கம் எத்தனை பேருக்கு எட்டும்? திருப்பூரில் பனியன் தைக்கிறவர், காஜா பட்டன் போடுகிறவர், பிரிண்டிங், எம்ப்ராய்டரி, காம்பேக்டிங் என்று ஒரு சட்டை ஏழெட்டுக் கூரையின் கீழ் போய் வருகிறது. அதில் ஒரு கூரைக்கும் 50 கோடி கிடையாது. வருடத்துக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி செய்கிற ஊர் இப்படித்தான் ஓடுகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது முதலில் வேலை நின்றது இந்தச் சின்னக் கூரைகளின் கீழ்தான்.

குஜராத்தின் சானந்தில் மைக்ரான் நிறுவனத்தின் சிப் தொழிற்சாலைக்குத் திட்டச் செலவில் 50 சதவீதம் ஒன்றிய அரசும் 20 சதவீதம் மாநில அரசும் தருகின்றன. 275 கோடி டாலர் திட்டத்தில் அந்த நிறுவனம் போடுவது 82.5 கோடி டாலர் வரை. சிப் வேண்டும், அது இந்த நாட்டில் வர வேண்டும், நான் மறுக்கவில்லை. நூறு ரூபாய் செலவில் எழுபது ரூபாயை மக்கள் கொடுக்க முடியும் என்றால், எங்கள் 15 சதவீதத்தை நிறுத்தியதற்குப் பணமில்லை என்பது காரணமாக இருக்க முடியாது. அதைத்தான் கேட்கிறேன்.

உள்நாட்டு உற்பத்தியைக் காக்கிறோம் என்று செய்வதும் சில நேரம் எங்கள் மேலேயே விழுகிறது. என் நாத்தனார் வீட்டில் பள்ளிபாளையத்தில் பதினாறு தறி, எல்லாம் ரேயான். ரேயான் நூலுக்கான விஸ்கோஸ் பஞ்சுக்கு, இந்தியத் தரச்சான்று இல்லாமல் விற்கவோ இறக்கவோ கூடாது என்ற தரக்கட்டுப்பாட்டு ஆணையை 2023-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தீர்கள். வெளியிலிருந்து பஞ்சு வருவது அடைபட்டது. அந்தப் பஞ்சைத் தயாரிக்கிற பெரிய இடத்துக்கு அது காப்பு. நூல் வாங்கி நெய்கிறவருக்கு, விலை சொல்லும் இடம் சுருங்கிப்போனது. ஈரோடு, பள்ளிபாளையம் பக்கத்துத் தறிக்காரர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2025 நவம்பரில்தான் அதைத் திரும்பப் பெற்றீர்கள். நடுவில் இரண்டரை வருடம். என் நாத்தனார் வீட்டில் அதற்குள் ஆறு தறியை எடைக்குப் போட்டுவிட்டார்கள். அந்த ஆறு தறி எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. ஒரு ஆணை போடுவதற்கு முன்னால் பஞ்சு செய்கிறவரைக் கேட்ட மாதிரி, துணி நெய்கிறவரையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வரியும் அப்படித்தான். 2019 செப்டம்பர் 20ஆம் தேதி கம்பெனி வரியை 30-லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தீர்கள். புதிதாக உற்பத்தி தொடங்கும் கம்பெனிக்கு 15 ஆக்கினீர்கள். வருடத்துக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் இழப்பு என்று அன்றைக்கு நீங்களே சொன்னீர்கள். நானும் என் வீட்டுக்காரரும் கூட்டாளிகளாகப் பதிந்து தொழில் நடத்துகிறோம். கொங்கு நாட்டில் பாதிப் பட்டறைகள் அண்ணன் தம்பி, மாமன் மச்சான், புருஷன் பெண்டாட்டி கூட்டுதான். கூட்டாளி நிறுவனத்துக்கு அன்றும் 30, இன்றும் 30. எங்கள் லாபம் அவர்கள் லாபத்தில் ஒரு துளிகூட இல்லை; வரி விகிதம் மட்டும் அவர்களைவிட அதிகம்.

கொரோனா நேரத்தில் எங்களுக்கும் செய்தீர்களே என்று சொல்லலாம். செய்தீர்கள். 3 லட்சம் கோடி ரூபாய் பேங்க் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தீர்கள். எங்களுக்கு 18 லட்சம் கடன் பாக்கியில் 20 சதவீதம், 3,60,000 கிடைத்தது. அந்த நேரத்தில் அது பெரிய உபகாரம், மறக்கவில்லை. ஆனால் அது கடன்தான். வட்டியோடு ஒரு தவணை தவறாமல் கட்டி முடித்தோம். சின்னவருக்குக் கடனாக வருவது பெரியவருக்கு மட்டும் ஏன் ஊக்கத்தொகையாகப் போகிறது என்பதை நாங்கள் கேட்கக்கூடாதா?

எங்கள் ஊர் அரசு உதவியே இல்லாமல் வளர்ந்தது என்று பெருமையாகச் சிலர் பேசுவார்கள். எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. 1930களில் பைக்காரா மின்சாரம் நீலகிரியிலிருந்து இறங்கி வந்த பிறகுதான் இங்கே மில்கள் வரிசையாக எழுந்தன. கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தவர்களுக்கு மோட்டார் கிடைத்தது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்த ஊரிலேயே மோட்டார் செய்து காட்டினார்கள். மில் மெஷினுக்கு உதிரிப் பாகம் கடைந்து கொடுத்த பட்டறைகள்தான் பிறகு பம்பும் கிரைண்டரும் செய்தன. என் மாமனார் ஒரு ஃபவுண்டரியில் டர்னராக இருந்து, பழைய பெல்ட் லேத் ஒன்றைத் தவணையில் வாங்கித்தான் இந்தப் பட்டறையை ஆரம்பித்தார். பைக்காரா மின்கம்பி மில்லுக்கும் போனது, தோட்டத்துக்கும் போனது, லேத் வைத்தவனுக்கும் போனது. உனக்கு எத்தனை கோடி முதலீடு என்று கேட்டுவிட்டு யாரும் அன்றைக்குக் கம்பி இழுக்கவில்லை. அந்த மாதிரி உதவியைத்தான் நான் அரசு உதவி என்பேன்.

(மின்சாரத்தைப் பற்றிப் பேச வந்தால் நிலைக்கட்டணத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2022 செப்டம்பரில் பல மடங்கு ஏற்றினார்கள். அதற்காக 2023 செப்டம்பர் 25 அன்று தமிழ்நாடு முழுக்கச் சிறு தொழில்கள் ஒரு நாள் மூடின. எங்கள் பட்டறையும் மூடியது. அது மாநில அரசின் பொறுப்பு. சென்னைக்குத் தனியாக எழுதுகிறேன்.)

பெரிய கம்பெனி வந்தால் சுற்றியிருக்கும் சின்னவர்களும் தானாக வளர்வார்கள் என்று உங்கள் அதிகாரிகள் கூட்டங்களில் சொல்கிறார்கள். பதினோரு வருட அனுபவத்தில் சொல்கிறேன், தானாக எதுவும் நடக்காது. 2014-இல் எங்கள் மெஷினுக்கு ஒரு மணி நேரத்துக்கு 300 ரூபாய் வாங்கினோம். இன்றைக்கு 350. இதற்குள் ஆபரேட்டர் சம்பளம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது, ஆகவும் வேண்டும். கம்பெனியின் விற்பனை வளர்ந்தது, ஊக்கத்தொகை வந்தது. எங்களுக்கு வந்தது 120 நாள் கடிதம். கடந்த வருடம் எங்கள் நல்ல ஆபரேட்டர் ஒருவர், ஐ.டி.ஐ. முடித்த பையன், ஃபுட் டெலிவரிக்குப் போய்விட்டான். "அக்கா, அங்க அன்னன்னிக்குக் காசு வந்துருதுங்க" என்றான். நான்கு வருடம் கற்றுக்கொடுத்த கை. எங்களுக்குப் பணம் அன்றன்றைக்கு வேண்டாம், 45 நாளில் வந்திருந்தால் அவனுக்கு 3,000 கூட்டிக் கொடுத்திருப்பேன்.

எனவே கேட்பதைத் தெளிவாகக் கேட்டுவிடுகிறேன்.

முதலாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: எந்தத் திட்டத்தில் ஊக்கத்தொகை வாங்கும் கம்பெனியாக இருந்தாலும், ஒவ்வொரு தவணையை விடுவிப்பதற்கு முன்னும் குறு, சிறு தொழில்களுக்கு 45 நாள் தாண்டி நிலுவை எதுவும் இல்லை என்று ஆடிட்டர் சான்றிதழ் கேளுங்கள். நிலுவை இருந்தால் அந்தத் தொகையைப் பிடித்து வையுங்கள். சரக்கு கேட்டுக்குள் போன தேதியை வைத்து நாளை எண்ணுங்கள்; உள்ளே ரசீது போடும் தேதியை அவர்கள் தள்ளிக்கொண்டே போகலாம். 45 நாளுக்கு மேல் போகும் எந்த ஒப்பந்தமும், நாங்கள் கையெழுத்தே போட்டிருந்தாலும் செல்லாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஊக்கத்தொகை ஒப்பந்தத்திலும் அதை எழுதிவிடுங்கள். எங்கள் பெயரில் புகார் வராமல், உங்கள் பெயரில் கேள்வி போகட்டும். இதற்கு அரசுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

ஜிஎஸ்டியில் அந்த 180 நாளை, குறு சிறு தொழிலிடம் வாங்கியதற்கு மட்டுமாவது, 45 ஆக்குங்கள். எங்களுக்குக் கொடுக்காதவருக்கு எங்கள் வரியின் வரவும் கிடைக்கக் கூடாது. குறு தொழில்கள் பணம் கைக்கு வந்த மாதத்தில் வரி கட்ட வழி செய்யுங்கள். பழைய சேவை வரியில் 50 லட்சம் வரை வரவு செலவு உள்ள தனி நபருக்கும் கூட்டாளி நிறுவனத்துக்கும் இந்த வசதி இருந்தது. புதிதாக நான் எதையும் கேட்கவில்லை. ஜாப் ஒர்க் வரியை அடுத்த கவுன்சில் கூட்டத்தில் எடுத்து, திரும்ப 12-க்காவது கொண்டு வாருங்கள். 5 வேண்டும் என்பது எங்கள் ஊரின் நீண்ட நாள் கோரிக்கை.

நிறுத்திய 15 சதவீத மெஷின் மானியத்தை எல்லோருக்கும் திரும்பக் கொண்டு வாருங்கள். ஊக்கத்தொகைத் திட்டங்களில் முதலீட்டுக் கீழ்வரம்பே இல்லாத ஒரு பகுதியை, ஒரே ஊரில் சேர்ந்து இயங்கும் சிறு தொழில் குழுக்களுக்கென்று ஒதுக்குங்கள். பத்துப் பட்டறை சேர்ந்து ஒரு அளவுச் சோதனைக்கூடமோ ஹீட் ட்ரீட்மென்ட் உலையோ வைக்க வந்தால் அதையும் உற்பத்தி என்று கணக்கில் எடுங்கள். சிறு கூட்டாளி நிறுவனங்களின் வருமான வரியைக் கம்பெனிகளுக்கு உள்ள 22-க்குச் சமமாக்குங்கள்.

இறக்குமதி வரியோ தரக்கட்டுப்பாட்டு ஆணையோ போடும்போது, அந்தப் பொருளை வாங்கிப் பயன்படுத்தும் சிறு தொழில்களிடம் 30 நாளாவது கருத்துக் கேளுங்கள், தமிழிலும் கேளுங்கள்.

இந்த மடலின் நகலோடு, பெயர்களை மறைத்துவிட்டு, எங்கள் கடந்த 12 மாதப் பில் தேதிகளையும் பணம் வந்த தேதிகளையும் அட்டவணையாக உங்கள் இரண்டு அலுவலகங்களுக்கும் அனுப்புகிறேன். முதல் கோரிக்கைக்கு மட்டுமாவது, முடியும் அல்லது முடியாது, முடியாது என்றால் ஏன் என்று, வரும் நிதிநிலை அறிக்கைக்கு முன் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஜாப் ஒர்க் பட்டறை நடத்தும் ஒரு பெண்,
சின்னவேடம்பட்டி, கோயமுத்தூர்.